கூத்தமாக்கு: வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் தகுமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் வடகிழக்கில், அண்டை நாடான பெனினின் எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கும் கூத்தமாக்கு என்னும் சவான்னா புல்வெளி நிலப்பகுதியை, அங்கேயே பிறந்து வளர்ந்த பத்தமாரிபா இனத்தவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தோம். யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து, 2023-இல் பெனின் பக்கத்து நிலத்தையும் இணைத்துக்கொண்ட இடம் இது. தகியெந்தா எனப்படும் கோபுரம் போன்ற மண்வீடுகளைப் படங்களில் கண்டு வருபவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். எங்கள் வழிகாட்டியோ அவற்றை உழவர் வீடுகளாகவே காட்டினார்.

மேற்கு நோக்கிய தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தால், கீழ்த்தளத்தின் இருட்டில் ஆடுகளின் வாடை முகத்தில் அடிக்கிறது. அங்கிருந்து மேலேறினால் வெயில் கொட்டும் மொட்டைமாடியில், கூம்பு வடிவ வைக்கோல் மூடியுடன் தானியக் குதிர்கள் நிற்கின்றன. வீட்டுக்காரப் பெண்மணி ஒரு குதிரின் மூடியை நீக்கி, ஃபோனியோ என்னும் சிறுதானியத்தை என் உள்ளங்கையில் கொட்டினார். கடுகு கூட இதற்குப் பெரிது. இதை அறுத்து, காலால் மிதித்து, உரலில் குத்திச் சோறாக்கும் உழைப்பை அதன் பிறகே உணர முடிந்தது. மழைநீர் கரைத்துவிடாதபடி, ‘நேரே’ என்னும் மரத்தின் காய்த்தோலை ஊறவைத்த சாற்றைச் சுவரில் பூசுகிறார்கள் என்பதையும் வழிகாட்டி விளக்கினார்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் காட்டிய பணிவு. எந்த வீட்டு முற்றத்திலும் முதலில் அம்மக்களின் தித்தம்மாரி மொழியில் நிதானமாக நலம் விசாரித்து, அனுமதி கிடைத்த பிறகே எங்களை அழைத்தார். வாசலின் முன் உள்ள மண்மேடுகள் வழிபாட்டுக்குரியவை என்பதால் தொடவோ தாண்டவோ கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தார். ஒரு பெரியவர் மறுத்தபோது, மறுபேச்சின்றி எங்களைத் திருப்பி அழைத்து வந்தார். பணம் வாங்கிக்கொண்ட எல்லோரும் இப்படி நடந்துகொள்வதில்லை.

குறைகளும் உண்டு. பெண்கள் நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசியதை அவர் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிரெஞ்சு அறியாதவர்களுக்கு அந்த ஒரு வரியும் கிட்டாது. நாங்கள் தந்த கட்டணத்தில் வீட்டாருக்குச் சேர்வது எவ்வளவு என்பதும் கடைசிவரை தெளிவாகவில்லை. இதை முன்பே கேட்டு முடிவுசெய்துகொள்வது நல்லது. வயல்களில் இன்னும் சற்று நேரம் நிற்க விட்டிருக்கலாம். கைவினைப் பொருள் கடையில்தான் வேண்டிய மட்டும் நிற்க வைத்தார்.

தலைநகர் லோமேயிலிருந்து 400 கி.மீ.க்கு மேல் வடக்கே உள்ள காரா நகரில் தங்கி, காந்தே என்னும் ஊர் வழியாகச் செல்வது வசதி. மழை ஓய்ந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாதை எளிது. ஆனால் சகாராவிலிருந்து வீசும் ஹர்மத்தான் என்னும் வறண்ட காற்றின் புழுதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ பிராங்கைச் சில்லறை நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். இதற்கும் வடக்கே உள்ள சவான் மாநிலத்தில் 2022-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டதால், புறப்படும் முன் எல்லைப்புற நிலவரத்தை விசாரித்துக்கொள்வது அவசியம்.