குழுப் பயிற்சியில் மூன்று வருடம்: குறைந்ததும் குறையாததும்

எடைக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு அனுபவத்தைப் படிக்க வருபவர்கள் தேடுவது அதைத்தானே. காலையில் கூடும் ஒரு உடற்பயிற்சிக் குழுவில் சேர்ந்தபோது நான் 84 கிலோ, இப்போது 77. மூன்று வருடத்துக்கு ஏழு கிலோ. அதிலும் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே போய்விட்டது. அப்புறம் ஒரு கிலோ ஏறுவதும் அதே ஒரு கிலோ இறங்குவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களில் பத்துப் பதினைந்து கிலோ குறைத்துக் காட்டும் விளம்பரங்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. என் உயரம் 168 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, இப்போது 27 சொச்சம். இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது நம் ஊர் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி நான் இன்னமும் குண்டுதான்.

ஆனாலும் மாதாமாதம் பணம் கட்டித் தொடர்கிறேன். யாராவது கேட்டால் சேரவும் சொல்கிறேன். இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. இருந்தது, 93-க்கு வந்திருக்கிறது (ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்). மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதத்திலிருந்து 5.6 ஆனது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB ஆய்வு, நாட்டில் 13.6 கோடிப் பேர் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகக் கணக்கிட்டது. 5.7-லிருந்து 6.4 வரை இருப்பவர்கள் அந்த வகை. நானும் அதில் ஒருவனாக இருந்தேன். எடையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாம் வருடமே வெறுத்துப்போய் விட்டிருப்பேன்.

நான் கோவையில் பீளமேடு பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 46. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை நாற்காலிதான். இதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்து ஜிம் ஒன்றில் வருடச் சந்தா கட்டினேன். கருவிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். பணம் முன்கூட்டியே வாங்கியாயிற்று, என்னைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. சந்தா முடிந்ததுகூட எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தபோதுதான் தெரிந்தது.

இந்தக் குழு அப்படியில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் சாலைக்குக் காலையில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஊரில் பாதிப் பேர் நடந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எங்களைப் போலச் சின்னச் சின்னக் குழுக்கள் பல உண்டு. எங்களுடையதில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். அஞ்சரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தசைக்கான பயிற்சி: தண்டால், பஸ்கி, பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தி வைப்பது), ரப்பர் பட்டையை இழுப்பது. செவ்வாய், வியாழன் ஓட்டமும் நடையும். சனிக்கிழமை கொஞ்சம் நீண்ட தூரம். ஞாயிறு விடுமுறை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஓரிரு நாள் வராமல் போனாலும் அந்தக் கணக்கு எங்களுக்குத் தேறிவிடும்.

என்னைத் தினமும் எழுப்பி வரவைப்பது இந்தப் பயிற்சிகள் இல்லை, முந்தின இரவு வாட்ஸ்ஆப்பில் ஓடும் ஒரு பட்டியல். நாளை வருகிறவர்கள் ஒன்பது மணிக்குள் தங்கள் பெயரை அதில் சேர்க்க வேண்டும். மழை, ஜுரம், வெளியூர் என்று எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை, பெயர் போடாவிட்டால் போதும். பெயர் போட்டுவிட்டு வராமல் இருப்பதுதான் சங்கடம். அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தால் அந்தப் பட்டியல் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். மறுநாள் போனதும் மாஸ்டர் கேட்பார்: "என்னங்ண்ணா, நேத்து ஆளைக் காணோம்? தூங்கிட்டீங்களா?" அவ்வளவுதான். திட்ட மாட்டார், கூடுதலாக இருபது பஸ்கி போடச் சொல்லவும் மாட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். தண்டனை கொடுக்கும் குழுக்களும் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் விட்டவர் மறுநாளும் வரக் கூச்சப்படுவார், அப்படியே ஒரு வாரம் போய்விடும். எங்கள் மாஸ்டருக்கு அந்த சூட்சுமம் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்குப் புரியவே நாளாயிற்று. ரேஸ்கோர்ஸ் பாதை ஒரு வளையம், சுற்றி வந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். எங்களுக்குச் சொல்லப்படுவது தூரம் இல்லை, நேரம். முப்பது நிமிடம் ஓடு, முடியாவிட்டால் நட, விசில் கேட்டதும் திரும்பி வா. வேகமானவர் இரண்டு சுற்று முடிப்பார், நான் ஒன்றரைகூட முடிக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். கடைசியாக வந்து சேர்பவன் என்று ஒருவனே அங்கே கிடையாது. நேர்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொல்லும் குழு ஒன்றோடும் சில வாரம் ஓடிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முடித்து, கை கால் உதறி, செல்ஃபி எடுத்து, டீ குடிக்கக் கிளம்பும்போது நான் போய்ச் சேர்வேன். யாரும் ஒரு வார்த்தை கிண்டல் செய்ததில்லை, நல்ல மனிதர்கள். ஆனாலும் அந்தக் கைதட்டல் இருக்கிறதே, கடைசி ஆளுக்கு என்று தனியாக ஒன்று தட்டுவார்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

தசைப் பயிற்சி நாட்களில் ஜோடி பிரிப்பார்கள். ஒருவர் பிளாங்கில் இருக்கும்வரை மற்றவரும் இருக்க வேண்டும், ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பெர்லினில் படகோட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தனியாக எடை தூக்கும்போது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள், இருவர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கும்போது எவ்வளவு நேரம் என்று பார்த்தார். ஒருவர் விட்டால் அடுத்தவரால் தனியே தாங்க முடியாத எடை அது. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிடக் கூடுதல் நேரம் தாங்கினார். ஆனால் இருவருக்கும் இடையே வித்தியாசம் நடுத்தரமாக இருந்தால்தான் இந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தாலும், இல்லவே இல்லை என்றாலும் அவ்வளவாக இல்லை. இதை என் உடம்பிலேயே பார்த்திருக்கிறேன். மாரத்தான் ஓடுகிற இளைஞன் ஒருவனோடு ஜோடி போட்டால் முதல் நிமிடத்திலேயே மனசு விட்டுப்போகும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா இருக்கிறார், அவரோடு போட்டால் அவர் விடும்வரை நானும் விடமாட்டேன். அவர் என்னைவிட ஒரு இருபது வினாடிதான் கெட்டி. அந்த இருபது வினாடிதான் எனக்குச் சரியான அளவு.

(நடுவில் "டபாட்டா" என்று ஒன்று செய்வோம், இருபது வினாடி செய், பத்து வினாடி நில், எட்டு முறை. 1996-இல் ஜப்பானின் இசுமி டபாட்டா குழுவினர் ஆய்ந்தது நிலையான சைக்கிளில், முழு மூச்சாக மிதிக்க வைத்து. எங்கள் பஸ்கி அதற்குப் பக்கத்தில்கூட வராது. பெயர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

சரி, இவ்வளவு செய்தும் எடை ஏன் நின்றுபோனது? சாப்பாடு. ஓட்டத்தில் செலவாகும் கலோரிக்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு, உடல் எடைக்கு ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 80 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 400. சனிக்கிழமை முடித்ததும் குழுவாக டிபன் சாப்பிடப் போவோம். நெய் மிதக்கும் பொங்கல், வடை, மேலே சர்க்கரை போட்ட காபி. ஓடிய ஓட்டம் வாழை இலை மடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், குழுவில் இருக்கும் சந்தோஷத்தில் பாதி அந்த டிபன்தான். வீடு, வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசுவது அங்கேதான். அதைத் தவிர்த்தவர்கள் மெல்ல மெல்லக் குழுவிலிருந்தே ஒதுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்தது பொங்கலை இட்லியாக்கி, காபியில் சர்க்கரையை நிறுத்தியது. டிபனை விடவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்குப் பெயர் போடுகிறோம், ஒன்பதரைக்குப் பரோட்டாவைப் பிய்த்துப்போடுவதை யாரும் பார்ப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் குழு கூட இருக்கும், மீதி இருபத்து மூன்று மணி நேரம் நம் பாடு. உடற்பயிற்சியால் மட்டும் எடை குறைவது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது, நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைப்புப் போட்டி என்று ஒன்று நடத்தினார்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குழுக்களில் இதுதான் பெரிய விளம்பரம். ஆளுக்கொரு தொகை போடுவது, பத்து வாரம் கழித்து அதிக சதவீதம் குறைத்தவருக்கு மொத்தமும். கேட்கும்போது உற்சாகமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் சிலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்து தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தவர் இரண்டே மாதத்தில் பழைய எடைக்குத் திரும்பினார். அது பரவாயில்லை. ஆறாம் வாரம்வரை ஒரு நாள்கூட விடாமல் வந்த ஒரு தங்கை, எடை இறங்கவே இல்லை என்று அதன்பின் வரவில்லை. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் பெயரை எடைப் பட்டியலின் அடியில் போட்டுக் காட்டியது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அடுத்த வருடம் மாஸ்டரிடம் நாலைந்து பேராகப் போய்ப் பேசினோம். இப்போது அதற்குப் பதிலாக வருகைக்கு மட்டும் ஒரு சின்னப் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எடை அவரவர் வீட்டு விஷயம் ஆகிவிட்டது.

அடிபடும் ஆபத்தும் குழுவில் கூடுதல்தான். பக்கத்தில் ஒருவர் ஓடினால் நம் கால் தானாக அவர் வேகத்துக்குப் போகும். கெண்டைக்கால் முன் எலும்பில் வலி வந்து பல வாரம் நடை மட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. அதன்பின் மாஸ்டர் சொன்ன வழி எளிமையானது: ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா பாருங்கள், முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். எனக்குப் பேச்சு நிறைய என்பதால் இது ஒத்துவருகிறது.

பெண்கள் பாதிக்கு மேல் இருப்பதற்குக் காரணம் அவர்களே சொல்வது: டிசம்பர், ஜனவரியில் இங்கே விடிய ஆறரை ஆகிவிடும், அஞ்சரை மணி இருட்டில் தனியாக நடக்க வீட்டில் விடமாட்டார்கள், குழு என்றால் விடுவார்கள். ஒரு அக்கா சுடிதாரில்தான் வருவார், ட்ராக் பேண்ட் போட்டதே இல்லை. 2013-இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான், புற்றுநோய் அறக்கட்டளைக்காக டிசம்பரில் நடக்கிறதே, அதில் அதே உடையில் பத்து கிலோமீட்டர் முடித்தார். எனக்கு இன்னும் அந்தத் தூரம் வசப்படவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே நேரத்துக்கு வருவது நடக்காத காரியம். மூட்டு வலி, இதயப் பிரச்சினை, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருபது பேருக்கு ஒரு மாஸ்டர் என்றால் உங்கள் முழங்கால் எப்படி வளைகிறது என்று அவரால் ஒவ்வொரு முறையும் பார்க்க முடியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கஷ்டப்படுவார்கள் என்று நினைத்தேன், ஆனால் எங்கள் குழுவில் வாயே திறக்காத ஒருவர்தான் அதிக நாள் வருகிறவர். பெயர் போடுவார், வருவார், செய்வார், போய்விடுவார். டிபனுக்குக்கூட வரமாட்டார். எங்கள் எல்லோரையும்விட இளைத்திருப்பவரும் அவர்தான்!

கட்டணம் மாதம் இரண்டாயிரத்துக்குள், மாதக் கணக்குதான், வருடச் சந்தா கிடையாது. வருடத்துக்கு மொத்தமாக வாங்கும் இடமாக இருந்தால் நான் யோசிப்பேன். சேருவதற்கு முன் ஒரு வாரம் சும்மா வந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். வந்து பார்க்கும்போது முன்னால் ஓடுகிறவர்களிடம் விசாரிக்க வேண்டாம், அவர்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் ஓடுவார்கள். இருப்பதிலேயே மெதுவாக நடப்பவர் யார், எத்தனை வருடமாக வருகிறார் என்று கேளுங்கள். எங்கள் குழுவுக்கு வந்தால் அநேகமாக என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.