விண்டோஸ் 10-லிருந்து 11: ஒன்றை மாற்றினேன், ஒன்றை விட்டுவிட்டேன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். மடிக்கணினியை அந்தத் தேதிக்கு வெகு முன்பே விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டேன். அப்பா பயன்படுத்தும் பழைய டெஸ்க்டாப் இன்னும் 10-லேயே ஓடுகிறது. அதை 11-க்கு ஏற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. இரண்டு முடிவும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எதைப் பார்த்து ஒன்றை மாற்றினேன், எதைப் பார்த்து மற்றதை விட்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேகம். எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் சொல்வதற்குக் குறைவாக இருப்பதும் இதில்தான். மடிக்கணினி இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. 11 ஏறிய புதிதில் மின்விசிறி அடிக்கடி இரைந்தது. பின்னணியில் கோப்புகளை இன்டெக்ஸ் செய்வதும் அப்டேட்கள் இறங்குவதும் முடிந்ததும் அடங்கிவிட்டது. அதன் பிறகு கையில் உணர்கிற அளவுக்கு வித்தியாசம் எதுவும் இல்லை. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஓட்டுபவர்கள் 10-லேயே இருந்தாலும் சரி, 11-க்குப் போனாலும் சரி, முதலில் எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. 4 ஜிபியில் நிறுவலாம், ஆனால் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறும். 8 ஜிபி இல்லாமல் இறங்க வேண்டாம்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பாதுகாப்பு அப்டேட்தான். ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடாது. நேற்று போலவே திறக்கும், நேற்று போலவே அச்சடிக்கும். அதனாலேயே பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அப்பாவும் "வேலை நடக்குதுல்ல, விடேன்" என்றுதான் சொன்னார். நிற்பது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலை. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட், தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்டது. ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே அதிகம் மாட்டின. அப்டேட்டைப் போடாததுதான் காரணம். 2014-லேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கு அந்த அப்டேட் தாக்குதல் தொடங்கிய பிறகுதான், விதிவிலக்காக, பொதுவாகக் கிடைத்தது. அப்படி ஒரு விதிவிலக்கு அடுத்த முறையும் வரும் என்று நம்பி வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை ஓட்ட நான் தயாரில்லை.

மடிக்கணினியை மாற்ற முடிவெடுத்த பிறகு வந்த முதல் தடை, தகுதிச் சோதனை. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினேன். இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்றது. காரணமாகக் காட்டியது டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் சில்லு) இல்லை என்பதை. பலரும் இந்த இடத்திலேயே, புதுக் கணினிதான் வாங்க வேண்டும்போல என்று நின்றுவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் டிபிஎம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் போய், செக்யூரிட்டி பக்கத்தில் தேடினால் இன்டெல் கணினியில் 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'. சில பயாஸ்களில் இது அட்வான்ஸ்டு பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். என் கணினியில் அதை ஆன் செய்து, சேமித்து, மறுபடி ஹெல்த் செக்கை ஓட்டியதும் பச்சை டிக் விழுந்தது.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா) என்று பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை எடுத்து, காகிதத்திலோ வேறொரு கருவியிலோ எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். டிபிஎம் அமைப்பு மாறினால் அடுத்த முறை பூட் ஆகும்போது அந்தக் கீயைக் கேட்கும். கீ கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை யாராலும் மீட்டுத் தர முடியாது. வீட்டுப் பயனர்கள் பலருக்கு என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் 24எச்2 பதிப்பில் (2024-இன் இரண்டாம் பாதியில் வந்த விண்டோஸ் 11 வெளியீடு) அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. கீ அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும்.

எம்பிஆர் எனப்படும் பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் நிறுவிய விண்டோஸ் என்றால், பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது; கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் வேலிடேட் (மாற்ற முடியுமா என்ற சரிபார்ப்பு) மட்டும் செய்து பார்த்துவிட்டு, பேக்கப் எடுத்த பிறகே கன்வெர்ட் செய்யுங்கள்.

மேலேற்றம் நல்லபடியாகவே முடிந்தது. கோப்புகள், செயலிகள், லோக்கல் அக்கவுண்ட் எல்லாம் அப்படியே வந்தன. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளை மூலம் அவகாசத்தை 60 நாள் வரை நீட்டிக்கவும் முடியும். நான் நீட்டித்துக்கொண்டேன். எந்தச் செயலி, எந்தக் கருவி தகராறு செய்கிறது என்று தெரிய ஒரு மாதமாவது வேண்டும். பத்து நாளில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட முடியாது.

அந்த அவகாசத்தில்தான் ஸ்கேனர் பிரச்சினை வெளியே வந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் என்ற பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கோளாறான டிரைவர்கள் (கருவிகளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்கள்) விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நுழையாமல் தடுப்பது அதன் வேலை. நான் ஆன் செய்யப் போனபோது, பொருந்தாத டிரைவர் இருக்கிறது, முடியாது என்று மறுத்தது. பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு எஸ்ஒய்எஸ் கோப்பு, அதாவது டிரைவர் கோப்பு. பெயரை வைத்துத் தேடியதில் அது எங்கள் பழைய ஸ்கேனரின் டிரைவர் என்று தெரிந்தது. தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்குப் புது டிரைவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. சுவிட்சை ஆஃப் ஆகவே விட்டால் ஸ்கேனர் வேலை செய்யும், டிரைவரை நீக்கினால் பாதுகாப்பு கிடைக்கும். நான் டிரைவரை நீக்கிவிட்டு, ஸ்கேனரை அப்பாவின் டெஸ்க்டாப்பில் மாட்டினேன். அந்த டெஸ்க்டாப்பை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது.

அதனால், மேலேற்றும் முன் உங்கள் கணினியோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியையும் பாருங்கள். பிரின்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன், இசைக்கருவி இணைக்கும் ஆடியோ பெட்டி எல்லாவற்றுக்கும் 11-க்கான, குறைந்தபட்சம் 64-பிட் விண்டோஸ் 10-க்கான டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் டிரைவர் மட்டும் வைத்திருக்கும் கருவி அதோடு முடிந்தது.

11-இல் புழங்குவது எப்படி? பழகிவிட்டது. ரைட் கிளிக் மெனுவில் பாதி விஷயங்கள் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்விட்டன. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் பழைய மெனு நேராக வரும், என் விரல்கள் இப்போது அதற்குத்தான் போகின்றன. 2021-இல் 11 வெளியானபோது டாஸ்க்பாரில் ஒரே செயலியின் சன்னல்களைத் தனித்தனியாகக் காட்டும் வசதி இல்லை. அது 2023-இல் திரும்ப வந்தது. வந்த பிறகுதான் எனக்கு டாஸ்க்பார் உருப்படியானது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப்கள் வந்ததும், சேமிக்காமல் மூடினாலும் நோட்பேட் எழுத்தைக் காப்பாற்றி வைப்பதும், சன்னல்களைத் திரையில் பங்கிட்டு நிறுத்தும் ஸ்னாப் வசதியும் அன்றாடம் பயன்படுகின்றன. வேர்ட்பேட் 24எச்2-வோடு நீக்கப்பட்டுவிட்டது, அதில் எழுதிப் பழகியவர்கள் கவனிக்கவும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ், உங்கள் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் கோப்புறைகளை மேகத்துக்கு ஏற்றுகிறதா என்றும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், படங்கள் நிறைய இருந்தால் சட்டென்று நிரம்பிவிடும்.

நீண்ட நாள் பயன்படுத்தியபின் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, 11-க்குள்ளேயும் காலக்கெடு இருக்கிறது என்பதை. ஹோம் பதிப்பில் ஒவ்வோர் ஆண்டு வெளியீட்டுக்கும் 24 மாதம்தான் ஆதரவு. 23எச்2 ஹோம் பதிப்புக்கு 2025 நவம்பர் 11-ஆம் தேதியே அப்டேட் நின்றுவிட்டது. "நான்தான் 11-இல் இருக்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் வின்வர் (winver) என்று டைப் செய்து தங்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை வந்த வாரமே போட்டுவிடுகிறேன். ஆண்டு வெளியீட்டை மட்டும் சில மாதம் காத்திருந்து போடுவேன். 24எச்2 முழு அமைப்பையும் மாற்றியதால் நீண்ட நேரம் பிடித்தது. அதன் மேலேயே கட்டப்பட்ட 25எச்2 சின்ன அப்டேட்டாக, ஒரே ரீஸ்டார்ட்டில் முடிந்தது.

இனி டெஸ்க்டாப். அது ஆறாம் தலைமுறை இன்டெல். டிபிஎம்மை ஆன் செய்தாலும், 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் அது இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்து தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவுகிறவர்கள் உண்டு. சொந்தமாகச் சோதித்துப் பார்க்கும் கணினி என்றால் செய்யுங்கள். அப்பா தனியாக உட்கார்ந்து பயன்படுத்தும் கணினியில் நான் செய்ய மாட்டேன். தகுதியற்ற கணினிகளுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

ஆகவே அதை இஎஸ்யு எனப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்த்தேன். 22எச்2 பதிப்பில் இருக்கும் விண்டோஸ் 10-ஐ செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலிருந்தே சேர்க்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம். இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பரிசுப் புள்ளிகள் அல்லது 30 டாலர். பாதுகாப்பு அப்டேட் மட்டுமே வரும், புது வசதிகள் வராது. அறிவிக்கப்பட்ட கடைசித் தேதி 2026 அக்டோபர் 13. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் பிரவுசருக்கு மட்டும் குறைந்தபட்சம் 2028 அக்டோபர் வரை அப்டேட் உண்டு. ஆனால் பிரவுசர் புதிதாக இருப்பதால் அதற்குக் கீழே இருக்கும் விண்டோஸும் பாதுகாப்பாகிவிடாது.

இந்தத் தவணைக் காலத்தில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை யூஎஸ்பியில் போட்டு, டிஸ்க்கில் நிறுவாமலேயே டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒலி, வைஃபை, பிரின்டர் எல்லாம் வந்தன. டிரைவர் கைவிடப்பட்ட அந்த ஸ்கேனரையும் மின்ட் தானாகவே கண்டுகொண்டு, முதல் பக்கத்தைச் சுத்தமாக ஸ்கேன் செய்து கொடுத்தது. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. அப்பாவின் வேலையில் பெரும்பகுதி மின்னஞ்சல், வீடியோ, ஸ்கேன் செய்து அனுப்புவது. இவை எதற்கும் விண்டோஸ் தேவையில்லை. இடிப்பது ஒன்றுதான்: மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய அவருடைய எக்செல் கணக்குக் கோப்பு. மின்ட்டோடு வரும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் திறக்கிறது, ஆனால் மேக்ரோக்களில் சில ஓடவில்லை. அதை மடிக்கணினிக்கு மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்துவிட்டார்.

அக்டோபருக்கு முன் டெஸ்க்டாப்பில் புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் மின்ட்டை நிறுவப் போகிறேன். விண்டோஸ் 10 இருக்கும் டிஸ்க்கைத் துடைக்காமல் அப்படியே கழற்றி வைப்பதாகத் திட்டம். ஏதாவது பழைய கோப்பு விட்டுப்போயிருந்தால், இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டி எடுத்துக்கொள்ளலாம்.