மான் படம் போட்ட விதைப் பையும் படமில்லாத குளோவர் விதையும்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மிச்சிகன் மாநிலத்தின் மாண்ட்காம் மாவட்டத்தில் எங்களுக்குப் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஓக், பைன் மரங்களுக்கு நடுவே அரை ஏக்கர் அளவில் திறந்தவெளி உண்டு. அந்த அரை ஏக்கரில் வெள்ளைவால் மான்களுக்காகத் தீவனப் பயிர் வளர்த்து வருகிறேன். 2022 ஆகஸ்டில், பெரிய கடையொன்றில் விற்கும், முன்பக்கத்தில் கொம்பு விரித்த ஆண் மானின் படம் அச்சிட்ட 10 பவுண்ட் கலப்பு விதைப் பையை வாங்கி விதைத்தேன். 2024 மார்ச்சில், அருகிலுள்ள சிற்றூரில் உழவர்களுக்கு விதையும் தீவனமும் விற்கும் கடையிலிருந்து, படமோ விளம்பர வாசகமோ இல்லாத வெறும் லாடினோ வெள்ளைக் குளோவர் விதையை வாங்கி அதே இடத்தில் விதைத்தேன். இம்மதிப்பீடு அவ்விரண்டையும் பற்றியது. முதலாவதை மறுபடியும் வாங்க மாட்டேன். இரண்டாவதை, மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வாங்கும்படி யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

குளோவர் நம் ஊர்க் குதிரை மசாலைப் போலப் பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்த மூவிலைத் தீவனப் பயிர். லாடினோ என்பது வெள்ளைக் குளோவரில் இலையும் காம்பும் பெரிதாக வளரும் வகை. ஒருமுறை நன்றாக வேரூன்றினால் சில ஆண்டுகள் நிலைத்து நிற்கும். மான் அசைபோடும் விலங்காக இருந்தாலும், மாட்டைப் போல நார் மிகுந்த புல்லை வயிறு நிறையத் தின்று செரிக்கக் கூடியதன்று. இளந்தளிரையும் மென்மையான இலையையும் தேர்ந்து கடிப்பதே அதன் இயல்பு. ஆகவே, புல்லை மிகுதியாகக் கலந்து விற்கும் எதையும் மானுக்கான விதை என்று நம்புவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

முதல் பையின் விலை 55 டாலர். அரை ஏக்கருக்குப் போதும் என்றும், எத்தகைய மண்ணிலும் வளரும் என்றும் முன்பக்கத்தில் எழுதியிருந்தது. விதைத்த ஆறாம் நாளே நிலம் பச்சைப் பாய் விரித்தது போல ஆனதைக் கண்டு நானும் என் மனைவியும் மகிழ்ந்தோம். நாங்கள் டெட்ராய்ட் புறநகரில் வசிக்கிறோம். வார இறுதிகளில் மட்டும் இரண்டரை மணி நேரம் பயணம் செய்து நிலத்துக்கு வருகிறோம். அப்படி வருபவர்களுக்கு விரைவாகத் தெரியும் பச்சை எவ்வளவு ஆறுதல் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அக்டோபரில் அருகே சென்று மண்டியிட்டுப் பார்த்தபோது, அந்தப் பச்சையில் ஏறத்தாழ முழுவதும் புல்லாகவே இருந்தது. குளோவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிறிய சிறு இலைகளுடன் நின்றது.

அதற்குப் பிறகுதான் பையின் அடியில் தைத்திருந்த விவர அட்டையைப் படித்தேன். அமெரிக்காவில் விற்கும் வேளாண் விதைப் பைகளில் ஒவ்வொரு வகையின் எடை விழுக்காடு, முளைப்புத் திறன், களைவிதையின் அளவு, விதையல்லாத பொருளின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1939-ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதைச் சட்டம் இதற்கு அடிப்படை. என் பையின் அட்டையில் ஓராண்டு ரைகிராஸ் 41 விழுக்காடு, கிரிம்சன் குளோவர் 12, லாடினோ குளோவர் 9, சிக்கரி 4, விதைமேல் பூச்சு 31, களைவிதை, தூசு முதலியன 3 என்று இருந்தது. அதாவது 10 பவுண்டில் 3 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதி விதையே அன்று. 4 பவுண்டுக்கு மேல் ரைகிராஸ் புல். நான் எதற்காகப் பணம் கொடுத்தேனோ அந்த லாடினோ 0.9 பவுண்ட் மட்டுமே. அதன் முளைப்புத் திறன் 85 விழுக்காடு என்பதால், உயிருள்ள விதை முக்கால் பவுண்டைச் சற்றே தாண்டும். தனியாக விதைத்தால் லாடினோ ஏக்கருக்கு 6 முதல் 8 பவுண்ட் வரை வேண்டும். அரை ஏக்கருக்கு 3 பவுண்டாவது தேவைப்படும் இடத்தில் எனக்குக் கிடைத்தது அதில் கால் பங்கு.

பூச்சு தன்னளவில் குறையன்று என்பதையும் சொல்ல வேண்டும். குளோவர் விதை மிகச் சிறியது. ஒரு பவுண்டில் ஏறத்தாழ எட்டு லட்சம் விதைகள் இருக்கும். சுண்ணாம்பும், காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரும் கலந்த பூச்சு அதைக் கையால் தூவுவதற்கு எளிதாக்குகிறது. வேர் முடிச்சு உருவாகவும் உதவுகிறது. என் வருத்தம், பையின் எடையை வைத்து விதையளவைக் கணக்கிடும் புதியவருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு முன்பக்கத்தில் எங்குமே தெரிவதில்லை என்பதுதான்.

ரைகிராஸைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இத்தகைய மலிவுக் கலப்புகள் பலவற்றில் அதுவே பெரும்பங்கு. ரை என்ற தானியமும் ரைகிராஸ் என்ற புல்லும் பெயரில் மட்டுமே நெருக்கமானவை; பயிர் வேறு, குணம் வேறு. ரைகிராஸ் விதை விலை குறைவு, ஒரு வாரத்தில் முளைக்கும், மோசமான மண்ணிலும் பச்சை காட்டும். விற்பவருக்கு இவை மூன்றும் வசதி. மான்கள் அதன் இளம் தளிரை ஓரளவு கடிக்கின்றன. ஆனால் ஓட்ஸோ ரை தானியமோ பக்கத்தில் இருந்தால் அதை விட்டுவிட்டு அவற்றிடம்தான் செல்கின்றன. என் நிலத்தில் அது பனிக்கடியில் குளிர்காலத்தைத் தாண்டி, 2023 மே மாதத்தில் முழங்கால் உயரம் எழுந்து, ஜூனில் கதிர் விட்டு, கீழே எஞ்சியிருந்த குளோவருக்கு வெயிலே கிடைக்காமல் செய்துவிட்டது. உதிர்ந்த விதை அடுத்த பருவத்தில் களையாக முளைத்தது. குளோவரைப் பாதிக்காமல் புல்லை மட்டும் கொல்லும் கிளெதோடிம் என்ற களைக்கொல்லியை அடுத்த ஆண்டு தெளிக்க வேண்டியதாயிற்று. பணம் கொடுத்து வாங்கி விதைத்த ஒன்றைப் பணம் கொடுத்தே அழித்தேன்.

இருந்தாலும் விதையின் மேல் மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. என் மண்ணும் ஒரு காரணம். மாண்ட்காம் உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்ற மாவட்டம்; மணற்பாங்கான மண். 2023 கோடையில் பன்னிரண்டு இடங்களில் ஆறேழு அங்குல ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, கிழக்கு லான்சிங்கில் உள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த மிகச் சிறந்த செலவு அதுவே. பி.எச். அளவு 5.4 என்று வந்தது, அதாவது மண்ணில் அமிலத்தன்மை அதிகம்; குளோவருக்கு 6.5 அளவில் இருந்தால்தான் வேர்முடிச்சு நுண்ணுயிர் நன்றாக வேலை செய்யும். அமிலத்தன்மையைக் குறைக்க ஏக்கருக்கு இரண்டரை டன் சுண்ணாம்பு இடும்படி பரிந்துரை வந்தது. அரை ஏக்கருக்காகச் சுண்ணாம்பு லாரி எதுவும் வராது என்பதால், 40 பவுண்ட் எடையுள்ள குருணைச் சுண்ணாம்பு மூட்டைகள் அறுபத்து மூன்றை வாங்கி, இரண்டு வார இறுதிகளில் தூவி, மண்ணோடு கலந்துவிட்டேன். விதையைவிடச் சுண்ணாம்புக்கே அதிகம் செலவாயிற்று. 380 டாலர் அளவில். எத்தகைய மண்ணிலும் வளரும் என்று பையில் இருந்த வாசகத்தை நம்பியதால் ஓராண்டு வீணாயிற்று என்பதுதான் அதில் எனக்கு உறுத்துகிறது. சுண்ணாம்பு மண்ணோடு வினைபுரியப் பல மாதங்கள் ஆகும். இட்ட மறுநாளே விதைத்தால் பயன் குறைவு.

இனி அந்த உழவர் விதைக்கடை. வெள்ளைத் தாள் பையில் வகையின் பெயரும், தூய்மையும், முளைப்புத் திறனும், பரிசோதித்த மாதமும் மட்டுமே இருந்தன. எவ்வளவு நிலம், எப்போது சுண்ணாம்பு இட்டீர்கள், அங்கே முன்பு என்ன விளைந்தது என்று கேட்ட பிறகே கடைக்காரர் விதையை நிறுத்தார். பூச்சில்லாத லாடினோ 4 பவுண்ட் 28 டாலர். குளோவருக்குரிய ரைசோபியப் பொட்டலம் தனியாக 6 டாலர். பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்த்து, வெயில் படாமல் வைத்திருந்து, விதைக்கும் அன்றே கலக்கும்படி சொன்னார். தமிழ்நாட்டில் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதை நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தும் முறையை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. நானும் கஞ்சியில்தான் கலந்தேன். விதையோடு நன்றாகவே ஒட்டியது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உளுந்துக்கான நுண்ணுயிர் வேறு, குளோவருக்கானது வேறு, ஒன்றுக்கு மற்றொன்று பயன்படாது.

அந்தக் கடைக்காரர் முன்பே சொல்லியிருந்த முறைப்படி, 2023 செப்டம்பரில் ரை தானியம் 30 பவுண்ட் விதைத்தேன். அக்டோபர், நவம்பர் முழுவதும் மான்கள் அதையே மேய்ந்தன. 2024 மார்ச்சின் நடுவில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், காலையில் மண் தேன்கூடு போல வெடித்திருந்த நேரத்தில் குளோவரைத் தூவினேன். உறைவதும் இளகுவதுமாக இருக்கும் மண்ணே சிறு விதையை உள்ளிழுத்துக்கொள்கிறது, உழவு வேண்டாம். குளோவர் விதை கால் அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் புதைந்தால் முளைத்து மேலே வருவது கடினம் என்பதால், ஆழமாகக் கிளறி மூடுவதைவிட இது நல்ல முறை. ஜூன் தொடக்கத்தில் ரையை வெட்டிவிட்டதும் அடியில் குளோவர் வெளிச்சம் பெற்று விரிந்தது.

எந்த விதையையும் மதிப்பிட, நிலத்தின் நடுவே நாலடி அகலக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நட்டு, மான் வாய் வைக்க முடியாதபடி சிறு பகுதியைக் காத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. 2023-இல் ரைகிராஸ் கூண்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே உயரத்தில் நின்றது. மான்கள் அதைப் பெரும்பாலும் தொடவில்லை என்பதே அதன் பொருள். 2024 ஆகஸ்டில் கூண்டுக்குள் குளோவர் 10 அங்குலம், வெளியே 3 அங்குலம். 2025-இலும் வேறுபாடு அதே அளவில்தான் இருந்தது.

பருவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்பகுதியில் மான்கள் மே இறுதியிலும் ஜூனிலும் குட்டி ஈனுகின்றன. ஆண் மான்களுக்கு வசந்தம் முதல் ஆகஸ்ட் வரை கொம்பு வளர்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும் கொம்பு வளரும் கிடாவுக்கும் புரதம் மிகுதியாகத் தேவைப்படுவது அப்போதுதான். நல்ல குளோவர் இலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு. படம் போட்ட பையோ நவம்பர் வேட்டைப் பருவத்தில் பச்சை தெரிவதை மனத்தில் வைத்துக் கலந்தது என்றே எனக்குப் படுகிறது. அக்டோபரில் பச்சை இருந்தால் போதும் என்பவருக்கு அது அந்த ஒரு வேலையைச் செய்யும். ஆனால் அதே வேலையை ரை தானியம் அரைவிலைக்கும் குறைவாகச் செய்கிறது. அந்தப் பையில் எனக்கு உண்மையாகவே பிடித்தது சிக்கரி. காப்பித் தூளில் நாம் வேராகக் கலக்கும் அதே செடியின் தீவன வகை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் ஜூலை வறட்சியிலும் இலை வாடுவதில்லை. நான்கு விழுக்காட்டில் முளைத்த சில செடிகள் இன்றும் நிற்கின்றன. மான்கள் அவற்றைத் தேடி வந்து கடிக்கின்றன. வரும் மே மாதத்தில் ஒரு பவுண்ட் சிக்கரியைத் தனியாக வாங்கி ஓரப் பகுதியில் விதைக்க இருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டமும் அடங்கிய, மிச்சிகனின் தென்பாதியான கீழ்த் தீபகற்பத்தில் மானுக்கு மக்காச்சோளம், காரட் முதலியவற்றைக் குவித்து வைப்பதற்கு 2019 ஜனவரி 31 முதல் தடை வந்தது. நீடித்த உடல்மெலிவு நோய் எச்சிலாலும் சிறுநீராலும் பரவுவதும், அந்நோய் இம்மாநிலத்தின் காட்டு மான்களில் 2015-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதற்குக் காரணம். எங்கள் மாண்ட்காமில் 2017-இல் அது உறுதியாயிற்று. மண்ணில் வேரூன்றி நிற்கும் பயிர் குவித்த தீவனமாகக் கருதப்படுவதில்லை. இருந்தாலும் விதிகள் மாறக் கூடியவை. வாங்குவதற்கு முன் மாநில இயற்கை வளத் துறையின் நடப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். நான் வேட்டையாடுவதில்லை, நவம்பர் 15 முதல் 30 வரை அண்டை நிலத்துக்காரருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். தீவனத்தைப் பெருக்கிவிட்டு மான்களின் எண்ணிக்கையைக் கவனிக்காமல் விட்டால் காட்டில் ஓக் கன்று ஒன்றுகூட மிஞ்சாது என்று அவர் சொன்னதை, எங்கள் நிலத்தின் வடக்கு ஓரத்தில் நானே கண்டேன். மான் வராமல் தினைப்புனத்தைக் காத்த மரபில் வந்த நமக்கு, மான் வரட்டும் என்று விதைப்பது முதலில் விந்தையாகவே இருக்கும். காக்க வேண்டியது இங்கே புனத்துக்குப் பின்னால் நிற்கும் காடு.

லாடினோவின் குறைகளையும் பதிவு செய்கிறேன். முதல் ஆண்டில் ஜூலை வரை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். கோடையில் இரண்டு முறையாவது வெட்டுக் கருவியை உயர்த்தி வைத்துக் களையை வெட்ட வேண்டும். பனி மூடிய ஜனவரியில் அது மானுக்கு எதுவும் தராது. அரை ஏக்கருக்குக் குறைவான இடத்தில், மான்கள் அதிகமுள்ள பகுதியில், அது வேரூன்றும் முன்பே மேய்ந்து தீர்ந்துவிடக் கூடும். அங்கே முதல் கோடைக்கு மட்டும் சுற்றிலும் தற்காலிக வேலி கட்டுவது நல்லது. பூச்சில்லாத விதையையே கேளுங்கள்; பூச்சுள்ளது மட்டுமே இருந்தால், அட்டையில் உள்ள பூச்சின் விழுக்காட்டைக் கழித்துவிட்டு எடையைக் கணக்கிட்டு வாங்குங்கள்.