வராமல் போகும் வரி யாருக்கு வீடாகிறது?

வீடு கட்டுவோருக்குச் சொத்து வரி விலக்கு என்று ஒரு நகரம் அறிவித்தால், அது பணம் கொடுக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கருவூலத்திலிருந்து ஒரு காசோலைகூட வெளியே போகவில்லையே! ஆனால் வராமல் போன வரியும் செலவுதான். அதற்கு நகரத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியோடுதான் நான்கு அமெரிக்க நகரங்கள் எடுத்த வழிகளை எடைபோட வேண்டும்.

பிலடெல்பியா தேர்ந்தெடுத்தது நிபந்தனையே இல்லாத விலக்கு. 2000 முதல் 2021 வரை அங்கே யார் புதுவீடு கட்டினாலும் கட்டட மதிப்புக்கு 10 ஆண்டுகள் வரி கிடையாது. மனைக்கு மட்டும் உண்டு. மக்கள்தொகை அரை நூற்றாண்டாகச் சரிந்துவந்த ஊர் அது. கட்டும் செலவைக்கூட விற்பனை விலையில் எடுக்க முடியாத காலத்தில் இந்தச் சலுகைக்கு நியாயம் இருந்தது. சந்தை எழுந்து நின்ற பிறகுதான் சிக்கல். வாங்குகிறவர் 10 ஆண்டுகள் வரி கட்ட வேண்டாம் என்றால் வீட்டுக்குக் கூடுதல் விலை தருவார்; அதைக் கணக்கிட்டுக் கட்டுமான நிறுவனம் மனைக்கு அதிக விலை கொடுக்க முன்வரும். கடைசியில் சலுகையின் பெரும்பகுதி மனையை விற்றவர் கைக்குப் போய்விடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு நேரடியாக ஒன்றுமில்லை. அந்த நகரின் சொத்து வரியில் ஏறத்தாழ 55 சதவீதம் பள்ளிகளுக்குப் போவது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2022 முதல் புதுவீடுகளுக்கான விலக்கை ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும்படி மாற்றினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பின்னால் கட்டவிருந்ததைச் சலுகைக்காக முன்னால் இழுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நியூயார்க்கின் 421-ஏ என்ற வரி விலக்குத் திட்டம் இன்னும் பழையது, 1971இல் தொடங்கியது. சந்தை சூடுபிடித்த பகுதிகளில் விலக்கு வேண்டுமென்றால் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கும் வீடு தர வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் சேர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மன்ஹாட்டனின் 57ஆம் தெருவில் உள்ள ஒன்57 கோபுரத்தைப் பாருங்கள். அதன் உச்சி வீடு 10 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அந்தக் கட்டடத்துக்கும் இந்த விலக்கு கிடைத்தது. அந்த விலக்கின் மதிப்பு சுமார் 6.6 கோடி டாலர் என்று நகரின் சுயேச்சை நிதிநிலை அலுவலகம் 2015இல் கணக்கிட்டது. பதிலுக்கு அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில் எழுந்தவை 66 மலிவு வீடுகள். அதே பணத்தை நேரடி மானியமாகக் கொடுத்திருந்தால் சுமார் 370 வீடுகள் கிடைத்திருக்கும் என்றது அந்தக் கணக்கு. 66க்கும் 370க்கும் நடுவே விட்டுப்போன குடும்பங்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நிபந்தனை இருந்தால் போதாது. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் பொருத்தம் வேண்டும். 421-ஏ 2022இல் காலாவதியானது. 2024இல் வேறு பெயரில் புதிய திட்டம் வந்தது.

விலக்கே வேண்டாம், வரியின் அமைப்பையே மாற்றலாம் என்பது பிட்ஸ்பர்க் காட்டிய வழி. 1913 சட்டத்தின் அடிப்படையில் அந்த நகரம் மனைக்கு அதிக விகிதமும் கட்டடத்துக்குக் குறைந்த விகிதமும் விதித்தது. காலி மனையைப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பவருக்குச் சுமை, கட்டுகிறவருக்கு ஊக்கம். பொருளாதார நியாயப்படி இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனை மதிப்பீடு நேர்மையாகவும் அடிக்கடியும் நடக்க வேண்டும். அங்கே நெடுநாள் கழித்து மறுமதிப்பீடு வந்தபோது பல வீட்டுக்காரர்களின் வரிச்சீட்டு திடீரென எகிறியது. எதிர்ப்பு கிளம்பி 2001இல் அந்த முறையையே கைவிட்டார்கள்.

இன்றைய நிலையில் பெரும்பாலான நகரங்கள் உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது சியாட்டிலின் வழி என்பேன். 1998இல் தொடங்கிய திட்டம். கட்டடத்தின் குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் 12 ஆண்டுகள் விலக்கு; மனைக்கும் கடைகளுக்கும் வரி உண்டு. பதிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீடுகளை வருவாய் வரம்புக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டுப்பட்ட வாடகையில் ஒதுக்க வேண்டும். போதிய அளவு இரண்டு படுக்கையறை வீடுகள் இல்லையென்றால் ஒதுக்கீடு நான்கில் ஒரு பங்காகும். குடும்பமாக வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த வீடுகள் பணக்காரர்கள் குடியிருக்கும் அதே கட்டடத்தில், அதே வாசலுக்குள் இருக்கின்றன. ஊரின் மறுகோடியில் அல்ல.

குறை, 13ஆம் ஆண்டில். விலக்கு முடிந்ததும் வாடகைக் கட்டுப்பாடும் முடிகிறது. பிள்ளை அருகிலுள்ள பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குடும்பத்துக்குச் சந்தை வாடகையைச் சொல்லும் கடிதம் வந்துவிடலாம். காலம் முடியும் கட்டடங்களுக்கு மேலும் 12 ஆண்டுகள் நீட்டிக்க 2021இல் மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் நீட்டிப்பதா வேண்டாமா என்பது உரிமையாளரின் விருப்பம். முதல் ஒப்பந்தத்திலேயே, இப்போது குடியிருப்பவர் தாமாக வெளியேறும்வரை வாடகை உயராது என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்.