பீலித் தண்ணியும் பல் கூச்சமும்: ஒன்பது மாத அனுபவம்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஜனவரி விடியலில், பீலி வழியே கொட்டும் குளிர்ந்த தண்ணியில் வாய் கொப்பளித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தண்ணி பட்டதும் இடது மேல்வரிசையில் சுரீர் என்று ஏறும், இரண்டு நொடியில் அடங்கிவிடும். அடங்கிவிடுவதாலேயே இரண்டு வருடம் சும்மா இருந்தேன். அம்மா கராம்பைக் கடிக்கச் சொன்னார். வாய் மரத்தது, மறுநாள் அதே சுரீர்.

போன சித்திரையில் பல் வைத்தியரிடம் போனேன். சொத்தை இல்லையாம், ஈறு இறங்கி வேர்ப்பக்கம் வெளியே தெரிகிறதாம். அங்கே பல்லை மூடிக் காக்கும் எனாமல் கிடையாது. உள்ளிருக்கும் டென்டினில் நுண்ணிய குழாய்கள் உண்டு, குளிர் பட்டால் அவற்றிலுள்ள திரவம் அசைந்து நரம்பைச் சீண்டுமாம். எப்படிப் பல் விளக்குகிறீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன். விறகு அறுப்பது போலிருக்கிறது என்று சிரித்தார். சின்ன வயதில் கரியும் உப்பும் போட்டுத் தேய்த்த கை, வேறு எப்படி இருக்கும்?

மெல்லிய நார் பிரஷும், 5 வீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் எழுதித் தந்தார். பனடோல் மாதிரி உடனே கேட்கும் என்று நினைத்து, நாலாம் நாளே ஏமாற்றுவேலை என்று மூலையில் போட்டேன். தப்பு என்னுடையது. நரம்பு அடங்க வாரக்கணக்காகும். திரும்ப ஆரம்பித்து காலையும் இரவும் விடாமல் தேய்த்தேன். மூன்றாவது வாரம் ஒருநாள், கொப்பளித்துவிட்டுத் துவாயை எடுத்த பிறகுதான் சுரீர் வரவில்லை என்பதே உறைத்தது. ஆடியில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினேன், திரும்ப வந்தது. விலை கூடத்தான், ஆனாலும் தொடர்கிறேன்.

இப்போதெல்லாம் தேய்த்த பிறகு துப்புவதோடு சரி, தண்ணி விட்டு அலசுவதில்லை. முதலில் அருவருப்பாக இருந்தது. காலையில் தேசிக்காய் பிழிந்த பிளேன்டி குடித்த கையோடு பல் விளக்கும் பழக்கத்தையும் விட்டேன். புளிப்பு எனாமலை இளக்கிவிடும், அந்த நேரம் தேய்த்தால் கரையும். அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

ஐப்பசியில் வலது கடைவாயில் வேறு மாதிரி வலி: சூட்டுக்கும் வந்தது, நிமிடக்கணக்கில் நின்றது, இரவில் சும்மாவே குத்தியது. இரண்டு வாரம் இதே பசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அது சொத்தை. முதல் நாளே போயிருக்க வேண்டும்.

அம்மாவுக்கும் ஈறு இறங்கியிருக்கிறது, இப்போது என் டியூபில் பங்கு கேட்கிறார். வெற்றிலையைப் பற்றி மட்டும் பேசக்கூடாதாம்.