பெலிக்கன் 1510 பெட்டி: வேலூர் பக்கத்துக் கல்யாண வேலைக்கு ஒத்துவருமா?

பெலிக்கன் 1510 என்பது கேமராச் சாமான்களை வைக்கச் சக்கரத்தோடு வரும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. காரிலோ வேனிலோ போய்க் கல்யாணப் போட்டோ எடுக்கிற டீம் இதைத் தாராளமாக வாங்கலாம். பைக்கிலும் பஸ்ஸிலும் அலைகிறவருக்கு வேண்டாம். எடைதான் பிரச்சினை. ஃபோமோடு காலிப் பெட்டியே சுமார் 6.2 கிலோ. இரண்டு ஃபுல் ஃபிரேம் கேமரா பாடி, 24-70, 70-200 லென்ஸ்கள், இரண்டு பிளாஷ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் வைத்தால் 12 கிலோ பக்கம் வந்துவிடும். விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்ற பெயரில்தான் விற்பனையாகிறது. ஆனால் நம் ஊர் விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. பெட்டியின் எடை போக உள்ளே வைக்க 800 கிராம்தான் மிச்சம்.

உள்ளளவு 50.1 × 27.9 × 19.3 செ.மீ. இந்த 19.3-ஐ அப்படியே நம்பி அடுக்கினால் மூடி மூடாது. அடிப்பெட்டியின் ஆழம் 15 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மீதி, மூடியில் இருக்கும் ஃபோமுக்குப் போகிறது. அதனால் 24-70-ஐ நிற்க வைக்கலாம், 70-200-ஐப் படுக்கத்தான் வைக்க வேண்டும். பெரிய லென்ஸை பாடியில் மாட்டியபடி வைக்கவே கூடாது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மொத்தப் பாரமும் பாடியில் லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தில்தான் இறங்கும். கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு வையுங்கள். கனமானதைச் சக்கரம் இருக்கும் பக்கம் வைத்தால், பெட்டியை நிமிர்த்தி இழுக்கும்போது தலை கனக்காது.

உள்ளே ஃபோமா, மெத்தைத் தடுப்பா என்று கேட்டால், தடுப்பு வைத்த 1514 மாடலை வாங்குங்கள். பெட்டி அதேதான், உள்ளமைப்பு மட்டும் வேறு. 1510-இல் வரும் ஃபோம், சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறப்பட்டிருக்கும். பொருளின் அளவுக்குக் கையால் பிய்த்து எடுக்க வேண்டும். பிய்த்ததை மறுபடி ஒட்ட முடியாது. பாடியை மாற்றினால் குழியும் பொருந்தாது. இரண்டு பொருளுக்கு நடுவே ஒற்றை வரிசைக் கட்டம் மட்டும் விட்டால் கொஞ்ச நாளில் அது கிழிந்து சாய்ந்துவிடும். இரண்டு வரிசையாவது விட வேண்டும். நாளாக ஆக ஃபோம் துகளும் உதிரும், அது சென்சாருக்குப் பகை. மெத்தைத் தடுப்பை ஒரு சீசனுக்கு ஒருமுறை கழற்றித் தூசி உறிஞ்சி மாட்டலாம்.

மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே ஓடும் ரப்பர் வளையம்தான் இந்தப் பெட்டியின் உயிர். ஐபி67 தரம்: தூசி புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். வளையத்தில் பாலாற்று மணல் நாலு துகளோ ஒரு தலைமுடியோ கிடந்தால் அந்தத் தரம் அங்கேயே போய்விடும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஈரத்துணியால் வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். கிரீஸ் தடவினால் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

முன்பக்கம் இருக்கும் சின்ன வால்வை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சுமார் 700 மீட்டர் உயர்கிறோம். காற்றழுத்தம் 7 சதவீதத்துக்கு மேல் குறையும். மலையில் திறந்து மூடிய பெட்டி கீழே வரும்போது, வால்வு இல்லாவிட்டால் வெளிக்காற்று மூடியை அழுத்தும். இந்த அளவு மூடிக்குக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 100 கிலோ பாரம். கையால் திறக்கவே முடியாது. இந்த வால்வு காற்றை விடும், தண்ணீரை விடாது.

வெளி ஈரம் உள்ளே வராது என்றால் உள் ஈரமும் வெளியே போகாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டி நிறைய அடைபட்டாலும், அதில் இருக்கும் தண்ணீர் ஒரு கிராம்கூட வராது. வியர்வையில் ஊறிய கழுத்துப்பட்டை, லென்ஸ் துடைத்த ஈரத்துணி, மழையில் நனைந்த பிளாஷ் உறை, இவைதான் கிராம் கிராமாக ஈரத்தை உள்ளே கொண்டுவருகின்றன. 60 சதவீதத்தைத் தாண்டிய ஈரப்பதத்தில் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் சர்வீஸிலும் முழுக்கச் சரிவராது. பட்டையையும் துணியையும் தனிப்பையில் போடுங்கள். பெட்டிக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலமும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போதும். 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. ஜெல்லின் ஆரஞ்சு மணி பச்சையாக மாறினால் பொட்டலத்திலிருந்து எடுத்து, ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். அரிசி மூட்டையும் பாச்சை உருண்டையும் வேண்டவே வேண்டாம். ஒன்று மாவுத்தூள் விடும், இன்னொன்று ஆவியாகிக் கண்ணாடியில் படியும்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் இன்னொரு தொல்லை. ராத்திரி ரிசப்ஷன் முடிந்து பெட்டியை மண்டபத்து ஏசி ரூமில் வைத்துவிட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்கு ஹாலில் திறந்தால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். மெத்தைத் தடுப்பு குளிரைப் பிடித்து வைப்பதால், இந்தப் பெட்டியில் சூடேற சாதாரணப் பையைவிட அதிக நேரம் ஆகும். ஒரு மணி நேரம் முன்னதாகவே ஹாலுக்குக் கொண்டுவந்து, மூடியபடியே விட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் 60-ஐயும் தொடும். பெட்டி 99 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது, ஆனால் பெரும்பாலான கேமராக்களுக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 40 டிகிரி. பெட்டி கேமராவைச் சூட்டிலிருந்து காக்காது, சூடேறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கறுப்பைவிட மண் நிறமோ வெள்ளி நிறமோ நல்லது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா அனுமதி இல்லாததால் பெட்டியை டிக்கியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள், பேட்டரியை மட்டுமாவது நிழலான இடத்தில் வைக்கப் பாருங்கள். சூட்டில் முதலில் ஆயுள் குறைவது அதற்குத்தான்.

காட்பாடியில் ரயில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு பூட்டுத் துளைகளும் பெரிய வசதி. ஸ்டீல் பதித்தவை, சங்கிலி கோத்து சீட்டுக்கடியில் இருக்கும் வளையத்தில் பூட்டிவிடலாம். படிக்கட்டில் மட்டும் தூக்கித்தான் ஆக வேண்டும்.

ஜவ்வாது மலைக்கோ அமிர்திக்கோ பைக்கில் போகிறவர், மெத்தை வைத்த கேமரா இன்சர்ட் ஒன்றை வாங்கிச் சாதாரண முதுகுப்பைக்குள் இறக்கிக்கொள்ளட்டும். டேங்க் மேலோ கேரியரிலோ கட்டாமல் முதுகில் மாட்டினால் என்ஜின் அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும். லென்ஸ் திருகுகள் தளராது. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் நம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று தோல் பை தைக்கிறவர்கள் உண்டு. தூக்கிப் போக அழகாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். வேலை முடிந்த அன்றே லென்ஸை வெளியே எடுத்துவிடுங்கள்.

இதே தோற்றத்தில் குறைந்த விலைப் பெட்டிகளும் வருகின்றன. கடையில் நான்கைப் பாருங்கள்: ரப்பர் வளையம் ஒட்டுப்போடாமல் முழுதாக ஓடுகிறதா, வால்வு இருக்கிறதா, கீலில் உலோகக் கம்பி போட்டிருக்கிறதா, பூட்டுத் துளையில் உலோகம் பதித்திருக்கிறதா. பிறகு ஒரு காகிதத் துண்டை மூடியிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் எந்த இடத்தில் வைத்தாலும் அது உருவி வரக்கூடாது.