வண்டா, கரையானா, எறும்பா? வீட்டுப் பூச்சிகளில் எது எது என்று பிரித்தறிய

கதவு நிலைக்குக் கீழே தூள் கொட்டிக் கிடந்தால் கரையான் என்கிறோம். அரிசியில் எது ஊர்ந்தாலும் வண்டு. மழை விட்ட ராத்திரி விளக்கைச் சுற்றுவதெல்லாம் ஈசல். இப்படிப் பொதுவாக ஒரு பெயரை வைத்துவிட்டு ஸ்பிரே டப்பாவைத் தேடுவதில் பணமும் வீணாகிறது, சாப்பிடும் பொருளில் விஷமும் சேர்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூச்சிகளுக்குச் செய்ய வேண்டியது முற்றிலும் வேறாக இருக்கும். அதனால் உடம்பை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால், அது எதற்குள் இருந்தது, என்ன தடயம் விட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அரிசியில் இருப்பது எந்த வண்டு?

மதுரைப் பக்கம் 25 கிலோ சிப்பமாக அரிசி வாங்கி வைக்கும் வீடுகள் நிறைய. அதில் அதிகம் குழப்புபவை கூன் வண்டும் சிவப்பு மாவு வண்டும். இரண்டும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளம், இரண்டும் பழுப்பு நிறம். கூன் வண்டுக்குத் தலையிலிருந்து மூக்கு ஒன்று நீண்டிருக்கும். முதுகில் மங்கலாக நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். மாவு வண்டுக்கு மூக்கு கிடையாது. உடம்பு தட்டையாக, செம்பழுப்பாக, புள்ளி எதுவும் இல்லாமல் இருக்கும்.

புள்ளியை நம்பிப் பயனில்லை, வயதான வண்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். அதைவிட நம்பகமானது அரிசி மணியே. ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முழு மணியில் ஓட்டை இருந்தால் கூன் வண்டு. தாய் வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டையிட்டு, வாயை அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு மாத வாக்கில் வண்டாக வெளியே வருகிறது. அதனால்தான் இன்று சலித்து எடுத்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி வருகிறது. "நல்லாப் புடைச்சுப் போடுங்கம்மா, போயிரும்" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்வது பாதிதான் சரி. வெளியே இருப்பது போகும், மணிக்குள் இருப்பது போகாது.

மாவு வண்டு கதை வேறு. அது முழு மணியை உடைத்து உள்ளே போகத் திராணியில்லாதது. ரவை, மைதா, கோதுமை மாவு, குருணை, ஏற்கெனவே மற்ற பூச்சி தின்ற தூள், இவைதான் அதன் இடம். அதிகமாகப் பெருகினால் மாவில் ஒரு காரமான நாற்றம் வரும், நிறமும் மங்கும். அந்த நிலையில் சலிப்பதில் அர்த்தமில்லை, கொட்டிவிடுவதுதான் நல்லது. புதிதாக வாங்கிய ரவை பாக்கெட்டை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டை உட்பட எல்லாம் செத்துப்போகும். 25 கிலோ அரிசிக்கு ஃப்ரீசர் போதாது. அங்கே குறைவாக வாங்குவதும், இறுக்கமான மூடி போட்ட டப்பாவும்தான் வழி. வெயிலில் காயவைக்கலாம்தான், ஆனால் மதுரை வெயிலில் அரிசி வெடித்துச் சமைக்கும்போது குழைந்துபோகும்.

மணிகள் நூலால் பின்னினது மாதிரி கட்டிக் கட்டியாக ஒட்டியிருந்தால் அது வண்டு வேலையே இல்லை, அந்துப்பூச்சியின் புழு. பக்கத்தில் சாம்பல் நிறச் சின்ன விட்டில் ஒன்று சுவரில் உட்கார்ந்திருக்கும்.

பயறு வகையில் சந்தேகமே வராது. தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சையின் தோல்மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள். வண்டு வெளியேறிய ஓட்டையும் வட்டமாக, சீராக இருக்கும். முட்டை வெளியே இருப்பதால்தான் பயறில் எண்ணெய் தடவி வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் பலிக்கிறது. எண்ணெய் படலம் முட்டையை மூச்சடைக்கச் செய்கிறது. கூன் வண்டின் முட்டை மணிக்குள் பத்திரமாக இருப்பதால் அதற்கு இந்த வைத்தியம் அவ்வளவாக எட்டாது. மல்லி, மிளகாய் வற்றல், மஞ்சள் டப்பாவில் கூனிக் குறுகி உருண்டையாக இருப்பது சிகரெட் வண்டு. புகையிலையிலும் வரும் என்பதால் அந்தப் பெயர்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வண்டாக இருந்தாலும், குடோனில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசியில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்குகிற ஆளையே கொன்றுவிடும்.

மரத்தூள்: மூன்று சந்தேக நபர்கள்

சுவரிலோ நிலையிலோ மண் பூசினது போல வரி ஓடியிருந்தால் அது நிலத்துக் கரையான். அங்கே தரையில் தூள் கொட்டாது, மண்தான் தடயம். மண் வரி இல்லாமல் தூள் மட்டும் கொட்டினால் இரண்டு பேரில் ஒருவர்: உளுக்கும் வண்டு அல்லது உலர்மரக் கரையான்.

இவற்றைப் பிரிக்க விரலே போதும். தூளை எடுத்துத் தேயுங்கள். மைதா மாதிரி வழவழவென்று இருந்தால் உளுக்கும் வண்டு. ரவை மாதிரி நெருநெருவென்று தனித்தனி மணியாக இருந்தால் உலர்மரக் கரையான். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். அது அதன் எச்சம்.

இந்த வித்தியாசத்தில் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. நிலத்துக் கரையானுக்கு அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணில் மருந்து விட வேண்டும், தரையில் துளை போட வேண்டும். மற்ற இரண்டும் மரத்துக்குள்ளேயே வாழ்கிறவை. மண்ணில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மருந்தடிக்க வருகிறவர் தரையைத் துளைக்கலாம் என்றால், "அண்ணே, மண் வரி எங்க இருக்குன்னு காட்டுங்க" என்று முதலில் கேளுங்கள். பழைய தூளா, இப்போதும் கொட்டுகிறதா என்று அறிய, சுத்தமாகக் கூட்டிவிட்டு அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் விட்டுப் பார்க்கலாம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு

ஈசலும் இறக்கை முளைத்த எறும்பும் ஒரே பருவத்தில்தான் பறக்கும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் சம நீளம், இடுப்பு இல்லாத உடம்பு, நேரான உணர்கொம்பு. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். தோட்டத்திலிருந்து விளக்குக்கு வந்த ஈசலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜன்னல் சாத்தியிருந்த அறைக்குள் உதிர்ந்த இறக்கைகள் குவிந்து கிடந்தால்தான் வீட்டுக்குள்ளேயே கரையான் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பெடரஸ் (Paederus) என்னும் வண்டு. அதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எறும்பு போலவே இருக்கும், அரிசி நீளம், உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், வாலைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஓடும். ஈரமான வயலில் வாழ்வது. மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி போலப் பெரியாற்றுப் பாசன நெல் வயலை ஒட்டிய வீடுகளுக்கு விளக்கைத் தேடி வந்துவிடும். வயலில் பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் நல்ல பிராணிதான். கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் உட்கார்ந்ததை எறும்பென்று நினைத்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டு மறுநாள் தீப்பட்டது போலக் கொப்புளம் போடும். ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

மெத்தையிலும் பாத்ரூமிலும்

மூட்டைப்பூச்சி என்று பயந்து காட்டுவது பல வீடுகளில் கரப்பான் குஞ்சாக இருக்கும். நீளமான மீசையோடு சட்டென்று ஓடி ஒளிந்தால் கரப்பான். மூட்டைப்பூச்சி மெதுவாக ஊரும், மெத்தைத் தையலோரம் கறுப்புப் புள்ளியாகக் கறை வைத்திருக்கும். பழைய புத்தகத்திலும் ஈரச் சுவரிலும் வெளிறி ஊர்வதைப் பேன் என்று நினைத்துப் பிள்ளை தலையில் மருந்து தேய்க்க வேண்டாம், அது பூஞ்சையைத் தின்னும் புத்தகப் பேன். ஈரம் காய்ந்தால் போய்விடும். வாழைப்பழத்தைச் சுற்றுவது பழ ஈ. பாத்ரூம் சுவரில் விட்டில் போல இறக்கை விரித்து உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. முன்னதற்குப் பழத்தை எடுத்து வைத்தால் போதும், பின்னதற்குத் தண்ணீர் போகும் குழாயின் உள்பக்க வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

செல்போனா, லென்ஸா?

படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் பெரிய வண்டு, வண்ணத்துப்பூச்சிக்கு நன்றாக உதவுகின்றன. மூன்று மில்லிமீட்டர் பூச்சிக்கு மூக்கும் மீசையும் படத்தில் விழாததால் தடுமாறுகின்றன. கைலென்ஸ்தான் என் தேர்வு. லென்ஸுக்கு மேலேயே போன் கேமராவை வைத்துப் படம் பிடித்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஒத்தக்கடைக்குப் போங்கள். யானைமலைக்குப் பக்கத்தில், 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. டேப்பில் ஒட்டிய பூச்சியைக் கொண்டுபோக வேண்டாம், கால் உடைந்துவிடும். சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி நான்கைந்து பூச்சியைப் போட்டு, அது தின்ற அரிசியோ தூளோ எதுவானாலும் தனிப் பொட்டலமாக மடித்துக் கூடவே எடுத்துப் போங்கள்.